எனக்குத் தெரிந்த ஒரு பூட்டுக்காரர்

ஜூன் 4

மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு,

நலமா என்று நான் கேட்கப் போவதில்லை. அதைப் பற்றிக் கட்டுரையே எழுதுகிற ஆளிடம் நான் என்னத்தைக் கேட்க.

வாரப் பத்திரிகையில் நீங்கள் எழுதியதை நேற்று சலூனில் கேட்டேன். ஆமாம், படிக்கவில்லை, கேட்டேன். என் தலையில் பாதி வெட்டியாகிவிட்டது, மீதிப் பாதி அப்படியே இருக்கிறது. அந்த நேரம் பார்த்து சலூன்காரர் கத்திரியைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணே, இதைக் கேளுங்களேன்" என்று சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார். காத்திருந்த நான்கு பேரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"புத்தி கூர்மையானவர்கள் தங்களைத் தாங்களே ஓயாமல் கவனித்துக்கொண்டிருப்பதால் சந்தோஷத்தைத் தவறவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பூட்டுக்காரர் இருக்கிறார். வேலை செய்யும்போது பூட்டோடு பேசுவார். பேசுவது அவருக்கே தெரியாது. வெள்ளந்தி. தன்னை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காதவர். ஆகவே சந்தோஷமானவர்."

வாசித்துவிட்டுக் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "அண்ணே, இது நீங்கதானே? நம்ம தெருவுல பூட்டோட பேசறவரு வேற யாரு?" என்றார். நான்கு பேரும் சிரித்தார்கள். பாதித் தலையோடு எழுந்து போகவும் வழியில்லை.

வெள்ளந்தி என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். முட்டாள் என்பதை முதுகில் தடவிக்கொடுத்துச் சொன்னால் அது வெள்ளந்தி. சரி, போகட்டும். படித்தவர்கள் சொல்கிறீர்கள். ஆனால் "எனக்குத் தெரிந்த ஒரு பூட்டுக்காரர்" என்று எழுதியிருக்கிறீர்களே. தெரிந்தவர்! பால்காரர், தபால்காரர் மாதிரி! பள்ளிக்கூடத்துக்கு உங்கள் பையையும் சேர்த்துச் சுமந்த முதுகு இது என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

இது புத்தகமாக வரப்போகிறதாம், முதல் அத்தியாயமே நான்தானாம். வாழ்த்துகள்.

போனில் கூப்பிட வேண்டாம். போனில் உங்கள் குரலைக் கேட்டால் இரண்டே நிமிஷத்தில் சமாதானமாகிவிடுவேன். இந்த முறை அவ்வளவு சீக்கிரம் சமாதானமாக எனக்கு இஷ்டமில்லை.

இப்படிக்கு,
தங்களுக்குத் தெரிந்த ஒரு பூட்டுக்காரர்

பி.கு: அந்தப் பக்கம் மழை பிடித்துக்கொண்டது என்று செய்தியில் சொன்னார்கள். குடையைக் கொண்டுபோய் வகுப்பில் மறந்து வைத்துவிட்டு வராதே.


ஜூன் 11

அண்ணா,

கடிதம் முழுக்க "நீங்கள்", பின்குறிப்பில் மட்டும் "வராதே". அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். குடையை மறக்கவில்லை. வேறு யாருடையதையோ எடுத்து வந்துவிட்டேன்.

முதலில் என் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். "என் அண்ணன்" என்று எழுதினால் எங்கள் உலகத்தில் அதை ஆராய்ச்சி என்று மதிக்க மாட்டார்கள், குடும்பக் கதை என்று ஒதுக்கிவிடுவார்கள். அதனால்தான் "தெரிந்த ஒருவர்". எழுதும்போது எனக்கே உறுத்தியது. உறுத்துகிறதே என்று கவனித்தேன், கவனித்துவிட்டு அப்படியே விட்டுவிட்டேன். என் புத்தியின் லட்சணம் இதுதான்.

ஆனால் எழுதியதில் பொய் இல்லை அண்ணா. நீ பூட்டோடு பேசுகிறாய். பத்து வருஷமாக நானும் அண்ணியும் சொல்கிறோம். "நானா? எப்போ?" என்று கேட்பாயே தவிர ஒத்துக்கொண்டதில்லை. என்ன பேசுகிறாய் என்று யாருக்கும் தெரியாது. மூக்குக்குள்ளேயே முனகுவாய். பூட்டு திறந்ததும் ஒரு முகம் வைப்பாய் பார், அந்த முகத்துக்காகவே நான் கடையில் வந்து உட்கார்ந்திருப்பேன்.

போன வருஷம் நான் அனுப்பிய கேள்வித்தாள் ஞாபகம் இருக்கிறதா? இருபது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஏழு வரை ஓர் எண் போட வேண்டும். "காலையில் எழும்போது என் மனம் லேசாக இருக்கிறது", "என் வாழ்க்கையை வேறொருவர் வாழ்க்கையோடு மாற்றிக்கொள்ள மாட்டேன்", இப்படி. நானூறு பேர் நிரப்பினார்கள். இருபதுக்கும் ஏழு போட்ட ஒரே ஆள் நீ. ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. அந்தத் தாளை என் மேஜைக்கு மேல் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறேன்.

கேலி செய்து எழுதவில்லை, பொறாமையில் எழுதினேன். நான்காம் வகுப்பில் எனக்கு முதல் பரிசு கொடுத்தார்களே, மேடையில் நிற்கும்போது "இப்போது சந்தோஷமாக இருக்கிறோமா" என்று உள்ளே எட்டிப் பார்த்தேன். பார்த்த நிமிஷமே அது போய்விட்டது. கீழே பார்த்தால் நீ நாற்காலி மேல் ஏறி நின்று கை தட்டிக்கொண்டிருந்தாய். அன்றைக்குப் பரிசு வாங்கியது நான், அனுபவித்தது நீ. அதைத்தான் முந்நூறு பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

அச்சகத்துக்கு ஜூலை கடைசியில் பக்கங்களைக் கொடுக்க வேண்டும். நீ வேண்டாம் என்று சொன்னால் முதல் அத்தியாயத்தை எடுத்துவிடுகிறேன். அது போனால் மற்றதெல்லாம் தொங்கலில் நிற்கும். இருந்தாலும் எடுத்துவிடுகிறேன்.

பாப்பா


ஜூன் 19

பாப்பா என்று எழுத இன்னும் மனசு வரவில்லை. நீங்கள் என்று எழுதவும் கை வலிக்கிறது. அதனால் இந்த முறை எதுவும் போட்டுக் கூப்பிடாமலே ஆரம்பிக்கிறேன்.

உன்னால் என் பிழைப்பு நாறிக் கிடக்கிறது.

போன திங்கட்கிழமை பல் டாக்டர் அம்மாவின் கிளினிக்கிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள். அந்தம்மா ஒரு நிமிஷம் வெளியே வந்திருக்கிறார், காற்றில் கதவு அடித்துச் சாத்திக்கொண்டது. பூட்டு உள்ளே சிக்கிவிட்டது, சாவி போட்டாலும் சுற்றவில்லை. உள்ளே நாற்காலியில் ஒரு மனுஷன். வாயில் பஞ்சு, பாதி வாய்க்கு மரத்துப்போகிற ஊசி போட்டாகிவிட்டது.

உள்ளே ஐந்து பின் (குட்டி முளைகள்) உள்ள சாதாரணப் பூட்டு அது. வளைந்த கம்பியை விட்டு ஒவ்வொரு பின்னாக மேலே தள்ளி நிறுத்த வேண்டும். நிற்கிறபோது விரலில் பொடிசாக ஒரு அசைவு தெரியும், அவ்வளவுதான் வேலை. மூன்று நிமிஷம் போதும். நான் குந்தி உட்கார்ந்தேன், கம்பியை விட்டேன். உடனே மண்டைக்குள் உன் கட்டுரை. இப்போது பேசுகிறேனா? வாய் அசைகிறதா? பின்னால் நிற்கிறவர்கள் பார்க்கிறார்களா? வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். இரண்டாவது பின் நின்றால் முதல் பின் விழுகிறது. விரலைக் கவனித்தால் விரல் மரக்கட்டை. நாற்பது நிமிஷம்! உள்ளேயிருந்து அந்த மனுஷன், "ங்ஆ... ங்ஆங்கோ..." என்கிறார். டாக்டரம்மா, "ஊசி இறங்கிடும்ங்க, சீக்கிரம்" என்கிறார். கடைசியில் டிரில் போட்டுப் பூட்டை உடைத்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி ஒரு பூட்டை உடைத்ததே இல்லை. வெட்கக்கேடு.

அன்றிலிருந்து கடையிலும் இதே கதைதான். சாப்பிடும்போது கண்ணை மூடுகிறேனா என்று பார்க்கிறேன். சிரித்தால், எதற்குச் சிரித்தோம் என்று பார்க்கிறேன். உன் அண்ணி, "என்ன, வீட்டுக்குள்ள வேற யாரோ நடமாடற மாதிரி இருக்கீங்க?" என்கிறாள். ஆக நீ எழுதியது சரிதான் என்று வைத்துக்கொள். தன்னைப் பார்க்காதவரை நன்றாக இருந்தேன், பார்க்கவைத்தாய், போயிற்று. உன் ஆராய்ச்சி ஜெயித்துவிட்டது.

ஆனால் ஒரு விஷயத்தில் தோற்றுவிட்டது. சொல்லாமல் விடலாம் என்றுதான் இருந்தேன். நீ சுவரில் ஒட்டியிருக்கிறாய் என்றதும் பொறுக்கவில்லை.

அந்தத் தாள் வந்த வாரம் உன் அண்ணிக்கு மூட்டில் ஆபரேஷன். உனக்குப் பரீட்சைக் காலம் என்று சொல்லவில்லை. கடைக் கூரை ஒழுகி, சாவி வெட்டுகிற மெஷினுக்குள் தண்ணீர். எனக்கோ நாலு நாள் தூக்கமில்லை. அப்போது தபாலில் நீ அனுப்பிய தாள் வருகிறது. காலையில் மனம் லேசாக இருக்கிறதா, வாழ்க்கை பிடித்திருக்கிறதா என்று இருபது விதமாகக் கேட்டிருக்கிறாய். நான் என்னத்தைக் கண்டேன் அது ஆராய்ச்சி என்று? தங்கச்சி நலம் விசாரித்து எழுதியிருக்கிறாள் என்று நினைத்தேன். வாயால் கேட்கக் கூச்சப்பட்டு அச்சடித்து அனுப்பியிருக்கிறாள், படித்தவள் அப்படித்தான் கேட்பாள் என்று நினைத்தேன். நலமா என்று ஒருத்தி கேட்டால் நலம் என்றுதானே எழுதுவார்கள்? ஏழு, ஏழு, ஏழு என்று போட்டு அனுப்பினேன். பதினாலாவது கேள்விக்கு வரும்போது ஆஸ்பத்திரியில் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். மீதியைப் படிக்காமலே ஏழு போட்டேன்.

வெள்ளந்தி யார் என்று இப்போது சொல்.

உன் நானூறு பேரில் எத்தனை பேர் இப்படி நலம் எழுதி அனுப்பினார்களோ, எனக்குத் தெரியாது. அத்தியாயத்தை எடுக்கிறதும் வைக்கிறதும் உன் இஷ்டம். முதலில் அந்தத் தாளை நீ நிரப்பி எனக்கு அனுப்பு. உண்மையாக.

அண்ணன்


ஜூன் 27

அண்ணா,

பல் டாக்டர் கதையைப் படித்துச் சிரித்தேன். அடுத்த பத்தியைப் படித்துவிட்டு அப்படிச் சிரித்ததற்காக என்னையே திட்டிக்கொண்டேன். உன் கை வேலை கெட்டுப்போனதற்கு நான்தான் காரணம். மன்னித்துவிடு. இதைச் சுற்றி வளைத்து எழுதத் தெரியவில்லை.

அண்ணியின் ஆபரேஷனை என்னிடம் மறைத்ததற்கு நான் தனியாகக் கோபப்பட வேண்டும். அதை அண்ணியிடம் நேரில் வைத்துக்கொள்கிறேன். மூட்டு இப்போது எப்படி இருக்கிறது என்று அவர்களையே எழுதச் சொல். நீ எழுதினால் ஏழு போட்டுவிடுவாய்.

சுவரிலிருந்து தாளை எடுத்துவிட்டேன். கிழிக்கவில்லை, புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். ஒரு வருஷம் அதைப் பார்த்து, "இந்த மனுஷனுக்கு ஒரு கவலையும் இல்லை" என்று பெருமூச்சு விட்டிருக்கிறேன். நீ நாலு நாள் தூங்காமல் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து என்னைச் சமாதானப்படுத்தியிருக்கிறாய். மனசைப் படிப்பதுதான் எனக்குத் தொழில், அண்ணா. சொந்த அண்ணன் கையெழுத்தைப் படிக்கத் தெரியவில்லை.

நீ கேட்டபடி தாளை எடுத்து உட்கார்ந்தேன். வேடிக்கை என்ன தெரியுமா, கேள்வியைத் தயாரித்தவள் நான், நானூறு பேரைக் கேட்டவள் நான், ஆனால் நான் நிரப்பியதே இல்லை. எட்டுக் கேள்வி வரை ஓடிவிட்டது. ஒன்பதாவது கேள்வி, "இப்போது நான் சந்தோஷமாக இருக்கிறேன்." நான்கு போட்டேன். நான்கு போடுகிறவள் பாதுகாப்பாக நடுவில் ஒளிந்துகொள்கிறாள் என்று தோன்றியது. அடித்து ஐந்து போட்டேன். உன்னிடம் காட்டப்போகிறோம் என்பதற்காக ஒன்று கூட்டினேனோ என்று சந்தேகம் வந்தது. மூன்று போட்டேன். அது வேண்டுமென்றே பரிதாபம் தேடுவது மாதிரி இருந்தது. ஒன்றரை நாளாக அதே கேள்வியில் நிற்கிறேன். தாளில் அந்த இடம் ஓட்டையே விழுந்துவிட்டது.

என்னை நான் அவ்வளவு உற்றுப் பார்க்கிறேன், ஆனால் தெரிய வேண்டியது எதுவும் தெரிவதில்லை. போன மாதம் எங்கள் கட்டடத்து லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது. உள்ளே ஆறு பேர், முக்கால் மணி நேரம். துறைத்தலைவருக்கு மூச்சு வாங்கியது, நூலகர் அழுதார். எனக்குப் பயமே வரவில்லை. யாரோ வெளியே இருக்கிறார்கள், திறந்துவிடுவார்கள் என்று ஒரு நிச்சயம். சின்ன வயசிலிருந்தே எனக்கு மூடின அறை என்றால் பயமில்லை. அது எங்கிருந்து வந்தது என்று ஒன்றரைப் பக்கம் எழுதிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

புத்தகத்தை நிறுத்தி வைக்கச் சொல்லி அச்சகத்துக்குச் சொல்லலாம் என்று இருக்கிறேன். அது கிடக்கட்டும். நீ மறுபடி பூட்டோடு பேசு அண்ணா. என்ன செய்தால் பேசுவாய், சொல்.

பாப்பா


ஜூலை 6

பாப்பா,

இந்தக் கடிதத்தை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு படி.

உன் கடிதம் வந்த அன்றைக்கே உன் அண்ணி ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். "பேசறதை நிறுத்தினதாலதானே திறக்கல? என்ன பேசுவீங்கன்னு தெரிஞ்சா அதையே பேசித் தொலைக்கலாமில்ல?" என்றாள். பழைய பூட்டு நாலைந்தை எடுத்து வைத்துக்கொண்டு என்னைப் பேசச் சொன்னாள். "வணக்கம், திற" என்றேன். "இதுவா?" என்று கேட்டாள். "இருக்காது" என்றேன். ஒரு பூட்டும் அசையவில்லை. நான் பேசுவதைக் கேட்க என்னாலேயே முடியவில்லை என்றால் பார்த்துக்கொள்.

மூன்றாம் நாள் வயலின் டீச்சர் கூப்பிட்டார். வயலின் எல்லாம் வைத்திருக்கிற அலமாரி திறக்கவில்லை, பிள்ளைகள் வந்துவிட்டார்கள். உன் அண்ணி ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு கூடவே கிளம்பிவிட்டாள். மூட்டு நன்றாக இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா. அலமாரிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். டீச்சர் இவளை என் மேலதிகாரி என்று நினைத்து டீ கொடுத்தார்.

முதலில் அதே பழைய பாடுதான். வாய் மூடி, விரல் மரக்கட்டை. இதற்கிடையில் சொந்த வயலின் கொண்டுவந்திருந்த மூன்று பிள்ளைகள் வாசிக்க ஆரம்பித்தார்கள். பாப்பா, அந்தச் சத்தம் இருக்கிறதே! கதவுக் கீல் மூன்றுக்கு எண்ணெய் போடாமல் ஒரே நேரத்தில் ஆட்டினால் எப்படி இருக்கும், அப்படி. எனக்கு என்னைப் பற்றிய ஞாபகமே போய்விட்டது. இந்தப் பூட்டைத் திறந்து இங்கிருந்து ஓடிவிட வேண்டும் என்பது மட்டும்தான் மனசில். நாலு நிமிஷத்தில் திறந்துகொண்டது. திரும்பிப் பார்த்தால் உன் அண்ணி நோட்டை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறாள்.

"பேசினேனா?"

"பேசினீங்க. அந்தச் சத்தத்தை மீறி, காதுல விழற மாதிரி ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னீங்க."

"என்ன?"

நோட்டை நீட்டினாள். அதில் எழுதியிருந்ததை அப்படியே கீழே எழுதுகிறேன்.

"பயப்படாத பாப்பா. நான் வெளியதான் நிக்கிறேன். இதோ ஆச்சு."

"பாப்பான்னா... நம்ம பாப்பாவா?" என்று கேட்டாள். தலையை ஆட்டிவிட்டுக் கம்பிகளைப் பையில் போட்டேன். டீச்சர் வேறு பக்கத்தில் நிற்கிறார்.

உனக்கு ஆறு வயசு, எனக்குப் பதினொன்று. அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். நீ சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாய், பூட்டு சிக்கிக்கொண்டது. அப்பா வந்து திறந்தார் என்றுதான் அப்போது வீட்டில் சொன்னார்கள். அப்பா வந்தது உண்மை. அவர் வாசலில் கால் வைக்கவும் கதவு திறக்கவும் சரியாக இருந்தது. நீ ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டாய், பாராட்டெல்லாம் அவருக்குப் போனது. அதற்கு முன் முக்கால் மணி நேரம் நான் அம்மாவின் கொண்டை ஊசியை வைத்துக்கொண்டு அந்தப் பூட்டோடு மல்லுக்கட்டினேன். உள்ளே நீ அழுதாய். நான் பேச்சை நிறுத்தினால் அழுவாய், பேசினால் நிறுத்துவாய். எனக்கு வேறு எதுவும் பேசத் தோன்றவில்லை. இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். போகப்போக நீ உள்ளே கதவில் சாய்ந்து உட்கார்ந்து ஏதோ பாடக்கூட ஆரம்பித்துவிட்டாய். நான் திறந்த முதல் பூட்டு அதுதான். இதெல்லாம் எனக்கு மறந்தே போயிருந்தது. வாய்க்கு மட்டும் மறக்கவில்லை போலிருக்கிறது.

லிஃப்டில் ஏன் பயம் வரவில்லை என்று நீ ஒன்றரைப் பக்கம் தேடினாயே, அது இங்கே கிடந்தது. நான் இத்தனை வருஷமும் ஊரில் உள்ள கதவுக்கெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அடுத்த நாள் கடைக்குப் போகப் பயமாகத்தான் இருந்தது. இனிமேல் தெரிந்து சொல்ல வேண்டுமே, தெரிந்து சொன்னால் திறக்குமா என்று. ஒரு பெட்டியின் பூட்டைக் கையில் எடுத்தேன், தெரிந்தே சொன்னேன். கொஞ்சம் வெட்கமாக இருந்தது. திறந்துகொண்டது. அன்றைக்கு நான்கு பூட்டு. முன்னாலும் சந்தோஷமாகத்தான் வேலை செய்தேன். இப்போது எதற்கு சந்தோஷம் என்பதும் தெரிகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். தன்னைத் திரும்பிப் பார்த்தால் எல்லாம் போய்விடும் என்று எழுதியிருந்தாயே. போகத்தான் செய்தது, பதினைந்து நாள். முழுசாகத் திரும்பிப் பார்த்தபோது அங்கே ஆறு வயசில் நீ நிற்கிறாய். எனக்கு என்ன குறைச்சல்?

அத்தியாயத்தை எடுக்காதே. சலூன்காரர் என்னை வைத்துக் கடைக்கு ஆள் சேர்க்கிறார், அவர் மனசு உடைந்துவிடும். வெள்ளந்தியும் இருக்கட்டும். "எனக்குத் தெரிந்த" என்பதை மட்டும் எடுத்துவிடு.

அந்த ஒன்பதாவது கேள்வியை என்ன செய்தாய்?

அண்ணன்


ஜூலை 13

அண்ணா,

உட்கார்ந்து படிக்கச் சொன்னாய். தபால் பெட்டியிலிருந்து எடுத்து மாடிப்படியில் நின்றுகொண்டே பிரித்துவிட்டேன். பிறகு படியிலேயே உட்கார்ந்தேன். மேல் வீட்டுக்காரர் இறங்கி வந்தவர், "ஏதாவது கெட்ட செய்தியா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லவும் அழுகை வந்தது. பாவம், சுவரோடு ஒட்டிக்கொண்டு தாண்டிப் போனார்.

எனக்கு அந்த அறை ஞாபகமில்லை. கதவு ஞாபகமில்லை. மரத்தில் கன்னத்தை வைத்தால் அந்தப் பக்கத்திலிருந்து குரல் கன்னத்தில் அதிரும் என்பது மட்டும் எப்படியோ எனக்குத் தெரியும். எங்கே கற்றேன் என்று இப்போதுதான் தெரிகிறது.

முதல் அத்தியாயத்தின் முதல் வரியை மாற்றிவிட்டேன். "என் அண்ணன் பூட்டுத் திறப்பவர்" என்று ஆரம்பிக்கிறது. கடைசி வரியையும் மாற்ற வேண்டியதாயிற்று. அதனால் நடுவில் இருப்பதெல்லாம் கலகலத்துப் போய், முந்நூறு பக்கத்தையும் திரும்ப எழுத வேண்டும். அச்சகத்துக்காரர் போனில் கத்தினார். ஜனவரி வரை அவகாசம் கேட்டேன். நானூறு பேரில் முடிந்தவரைக்கும் நேரில் போய்ப் பார்க்கப்போகிறேன், இந்த முறை தாள் இல்லாமல்.

ஒன்பதாவது கேள்விக்கு எண் எதுவும் போடவில்லை. அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் "நலம்" என்று எழுதியிருக்கிறேன். தாளை இதோடு வைத்திருக்கிறேன், நீ சுவரில் ஒட்டிக்கொள்.

இங்கே என் வீட்டுக் கதவுப் பூட்டில் ஒரு கோளாறும் இல்லை. சாவி வெண்ணெய் மாதிரி சுற்றுகிறது. இருந்தாலும் அண்ணியைக் கூட்டிக்கொண்டு வந்து ஒருமுறை பார்த்துவிட்டுப் போ. நான் உள்ளே உட்கார்ந்திருப்பேன்.

பாப்பா